நாங்க கேட்டு வாங்கின வேகத்தடை

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, பாதி எழுதி, அப்படியே மூடி வச்ச விஷயம் இது. எழுதினா சொந்த ஊரையே குத்தம் சொன்ன மாதிரி ஆயிடுமோன்னு ஒரு தயக்கம். அந்தக் குத்தத்துல எனக்கும் பங்கு இருக்கேங்கறது இன்னொரு தயக்கம்.

போன வாரம் பக்கத்து ஊர்ல ஒரு சாலை மறியல். முக்கால் மணி நேரம் பஸ்ஸுக்குள்ளயே உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தா, நாலு வருஷம் முன்னாடி நாங்க உட்கார்ந்திருந்த அதே காட்சி. அதே கோபம், அதே கோஷம், அதே கோரிக்கை. "வேகத்தடை வேணும்!" எனக்கு இறங்கிப் போய் "அண்ணே, அதைக் கேட்காதீங்க, கொஞ்சம் பொறுங்க"ன்னு சொல்லணும் போல இருந்துச்சு. சொல்லலை. சொல்லியிருந்தா அடி வாங்கியிருப்பேன். அதான் இங்க வந்து சொல்றேன். :-)

எங்க ஊர்ப் பேரை எழுதப் போறதில்லை. ரகசியம்னு இல்லை. எந்த ஊர்ப் பேரைப் போட்டாலும் கதை பொருந்தும், அவ்வளவுதான். ஒரு பக்கம் ஊர். இன்னொரு பக்கம் பள்ளிக்கூடம், ரேஷன் கடை, டவுனுக்குப் போற பஸ் நிக்கிற இடம். நடுவுல மாநில நெடுஞ்சாலை. ரெண்டு வழியா இருந்த வரைக்கும் லாரிக்காரங்களும் எங்களைப் பார்த்து வந்தாங்க, நாங்களும் லாரியைப் பார்த்துக் கடந்தோம். அப்புறம் நாலு வழியாக்கி, நடுவுல சென்டர் மீடியன் வச்சாங்க. திரும்புறதுக்கு இடைவெளி எங்கன்னா, ஒரு கிலோமீட்டருக்கு மேல தள்ளி. எதிர்ல தெரியிற ரேஷன் கடைக்குப் போறதுக்கு யாராவது ரெண்டு கிலோமீட்டர் சுத்துவாங்களா? மீடியன்ல ஒரு கல்லைப் பேர்த்து ஒரு ஆள் நுழையற அளவுக்கு வழி பண்ணிட்டாங்க. யாரு பண்ணினதுன்னு யாருக்கும் தெரியாது. எல்லாருக்கும் தெரியும்.

அந்த வழியிலதான் பூக்காரம்மா போனாங்க. சாயங்காலம் ஆறரை மணி இருக்கும், லேசா இருட்டிட்டு வர்ற நேரம். கூடையைத் தலையில வச்சுக்கிட்டு, கடைசி முழத்தை வித்துட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினாங்க. கார்க்காரன் ஹாரன் அடிச்சான். பிரேக்கும் அடிச்சான். ரெண்டும் லேட்.

நான் போய்ச் சேர்ந்தப்போ சுத்தி முப்பது பேர் நின்னுட்டிருந்தாங்க. யாரும் தொடலை. "போலீஸ் கேஸாயிடும்பா, 108 வரட்டும்"ன்னு ஒரு குரல். அந்தப் பத்து நிமிஷம் முக்கியமா இல்லையான்னு எனக்குத் தெரியாது. ஆனா அந்தப் பத்து நிமிஷம் இன்னும் எனக்கு மறக்கலை.

அப்புறம் மறியல். ஊரே ரோட்டுல உட்கார்ந்தது. நானும்தான். ரெண்டு பக்கமும் வண்டிகள் கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும். கோரிக்கை ரெண்டே ரெண்டு: குடும்பத்துக்கு நிவாரணம், அந்த இடத்துல வேகத்தடை. அதிகாரிங்க வந்தாங்க, பேசினாங்க, ஒத்துக்கிட்டாங்க. கலைஞ்சு போனோம். மூணாவது நாள் காலையில பார்த்தா வேகத்தடை வந்து படுத்திருக்கு! அதை போட்டோ எடுத்து "மக்கள் சக்தி"ன்னு தலைப்பு போட்டு எல்லாருக்கும் அனுப்பினது வேற யாரும் இல்லை, அடியேன்தான்.

அந்த வேகத்தடையைக் கொஞ்சம் வர்ணிக்கணும். முழங்கை நீளத்துக்கு அகலம், அரை அடிக்குக் குறையாத உயரம். மேல ஒரு சொட்டு பெயின்ட் இல்லை. முன்னாடி ஒரு போர்டு இல்லை. ராத்திரியில ஒளிரும் பட்டை கிடையாது. மேல இருந்த தெருவிளக்கு எப்பவோ செத்துப் போனது. கறுப்பு ரோட்டுல கறுப்பா ஒரு மேடு.

ரெண்டு வாரம் ஆகலை. எங்க தெருவுல ரெண்டு வீடு தள்ளி இருக்கிற அண்ணன், அண்ணியைப் பின்னாடி உட்கார வச்சுக்கிட்டு ஒரு கல்யாண ரிசப்ஷன் முடிஞ்சு வந்தார். ராத்திரி பத்தரை. மேடு இருக்குன்னு அவருக்குத் தெரியும், ஆனா எந்த இடத்துலன்னு அந்த இருட்டுல தெரியலை. அவர் ஹெல்மெட் போட்டிருந்தார். அண்ணி போடலை. அண்ணி பிழைச்சுட்டாங்க. ஆனா வலது கை நடுக்கம் போகவே இல்லை. தெருவுல பாதி வீட்டுக்கு ஜாக்கெட் தைச்சுக் கொடுத்தவங்க. இப்போ ஊசியில நூல் கோக்க முடியாது. தையல் மெஷின் மேல ஒரு பழைய பெட்ஷீட்டைப் போட்டு மூடி வச்சிருக்காங்க.

ஆஸ்பத்திரி வராண்டாவுல அண்ணன் என்கிட்ட சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். "நானும்தானே தம்பி மறியல்ல உட்கார்ந்தேன்."

இதை எழுதுறதுக்குத்தான் நாலு வருஷம் ஆச்சு.

அப்புறம்தான் தேடிப் படிச்சேன். வேகத்தடைக்கு ஒரு அளவே இருக்கு மக்களே! இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்னு ஒரு அமைப்பு வகுத்து வச்சது. உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். அதாவது ஒரு கார் நீளத்துக்கு மெதுவா ஏறி மெதுவா இறங்கணும். 25 கிலோமீட்டர் வேகத்துல போற வண்டி குலுங்காம கடக்கலாம், வேகமா வர்றவனுக்கு மட்டும்தான் தூக்கிப் போடும். முன்கூட்டியே போர்டு வைக்கணும், மேல வர்ணம் அடிக்கணும். எங்க ஊர்ல இருந்தது வேகத்தடை இல்லை. எங்க வாயை அடைக்கப் போட்ட ஒரு மூட்டை தார்.

ஆனா அவங்களை மட்டும் எப்படிக் குறை சொல்றது? நாங்க என்ன கேட்டோமோ அதைத்தான் கொடுத்தாங்க. கோபத்துல கேட்டோம், அவசரத்துல கொடுத்தாங்க. ஏன் அந்த இடத்துலயே விபத்து நடக்குதுன்னு அவங்களும் பார்க்கலை, நாங்களும் பார்க்கலை.

நான் சொல்ல வந்தது இதுதான். நம்ம ஊர்ல ஜனங்களுக்கு அக்கறை இல்லைன்னு சொல்றதெல்லாம் சும்மா. ஒரு உசுரு போனா நிமிஷத்துல ஊரே ரோட்டுக்கு வருது. ஆனா அந்தக் கோபத்துக்கு ஆயுசு ரெண்டு மணி நேரம். அதுக்குள்ள எது கிடைக்குமோ அதை மட்டும்தான் கேட்கத் தெரியுது. ரோட்டை மாத்துறது ரெண்டு மணி நேர வேலை இல்லை.

இப்போ கொஞ்சம் கணக்கு. போரடிச்சா அடுத்த பாராவுக்குத் தாவிடுங்க, ஆனா தாவாதீங்க. 2022ல இந்தியா முழுக்க சாலை விபத்துல செத்தவங்க 1,68,491 பேர். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமே வெளியிட்ட எண்ணிக்கை. இதுல 32,825 பேர் வண்டியே ஓட்டாதவங்க, சும்மா நடந்து போனவங்க. தமிழ்நாட்டுல மட்டும் 17,884 சாவு. விபத்து எண்ணிக்கையில (64,105) நாமதான் முதலிடம், சாவுல உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்து ரெண்டாவது. 365ஆல வகுங்க. தினமும் 49 பேர். தினமும் ஒரு டவுன் பஸ் கவிழ்ந்து, உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் செத்தா நாடே அல்லோலகல்லோலப்படும் இல்லையா? இவங்க தனித்தனியா, வேற வேற ஊர்ல, வேற வேற நேரத்துல சாகறாங்க. அதனால பேப்பர்ல ஆறாம் பக்கத்துல நாலு வரி.

அரசாங்கம் ஒண்ணுமே பண்ணலைன்னு சொல்ல மாட்டேன். 2008ல 108 வந்துச்சு. அது வராம இருந்திருந்தா இந்தக் கணக்கு இன்னும் பயங்கரமா இருக்கும். 2021 டிசம்பர்ல "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48"ன்னு, அடிபட்டவங்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏத்துக்கிற திட்டம் வந்துச்சு. நல்ல விஷயம். ஆனா இதெல்லாம் அடிபட்ட பிறகு. அடிபடறதுக்கு முன்னாடி?

முன்னாடிக்கும் ஒரு ஏற்பாடு இருக்கு. "கரும்புள்ளி"ன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. தேசிய நெடுஞ்சாலையில 500 மீட்டர் தூரத்துக்குள்ள, மூணு வருஷத்துல சாவோ பலத்த காயமோ ஏற்பட்ட விபத்து அஞ்சு நடந்திருக்கணும். இல்லைன்னா பத்து பேர் செத்திருக்கணும். அப்பதான் அது கரும்புள்ளி, அப்பதான் சரி பண்ற பட்டியல்ல வரும். நிதி எல்லாத்துக்கும் பத்தாது, எங்க முதல்ல செய்யறதுன்னு ஒரு அளவுகோல் வேணும், புரியுது. ஆனா இன்னொரு பக்கம் யோசிங்க. ஒரு இடம் ஆபத்துன்னு அந்தத் தெருவுல டீக்கடை வச்சிருக்கிறவருக்கு முதல் நாளே தெரியும். அவருக்குத் தெரிஞ்சதைக் காகிதத்துல ஏத்தறதுக்கு நாம பொணத்தை எண்ணிக்கிட்டு இருக்கோம்.

"எல்லாம் சரி, நம்ம ஜனங்க ஒழுங்கா ரோட்டைக் கடந்தா, ஒழுங்கா வண்டி ஓட்டினா இதெல்லாம் எதுக்கு?"

இந்தக் கேள்வி வரும்னு தெரியும். வீட்டுலயே வந்துச்சு. என் அப்பா கேட்டார். ஹெல்மெட் போடணும், தண்ணியடிச்சுட்டு ஓட்டக்கூடாது, போன் பேசிக்கிட்டே ஓட்டக்கூடாது. இதுல எல்லாம் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அண்ணி ஹெல்மெட் போட்டிருந்தா இன்னைக்கும் தைச்சுக்கிட்டு இருந்திருப்பாங்க. ஆனா ஒரு உண்மையைச் சொல்லிடறேன், திட்டாதீங்க. நானே பெட்ரோல் பங்க்ல இருந்து எங்க தெருவுக்கு இருநூறு மீட்டர் ராங் சைடுல வந்திருக்கேன். நேர் வழியில வரணும்னா மூணு கிலோமீட்டர் சுத்தணும். நான் கெட்டவனா? ஆமா, அந்த இருநூறு மீட்டருக்குக் கெட்டவன். ஆனா அந்த ஊர்ல எல்லாருமே அதே இடத்துல கெட்டவங்களா ஆகறாங்கன்னா, தப்பு ஆள்கிட்ட மட்டும் இல்லை, இடத்துலயும் இருக்கு.

மனுஷன் தப்பு பண்ணுவான். குழந்தை பந்தைத் துரத்திக்கிட்டு ஓடும். பாட்டிக்குக் காது கேட்காது. அதுக்குத் தண்டனை சாவா இருக்கக்கூடாதுங்கறதுதான் விஷயம். வேகத்தை எடுத்துக்கங்க. 60 கிலோமீட்டர் வேகத்துல வர்ற வண்டி ஒரு நொடியில கிட்டத்தட்ட 17 மீட்டர் போயிடும். ஓட்டுறவர் பார்த்து, மூளைக்கு உறைச்சு, கால் பிரேக்குக்குப் போகவே ஒரு நொடி ஆயிடும். அப்புறம் பிரேக் பிடிச்சு நிக்க இன்னொரு 20 மீட்டர். 30ல வந்தா மொத்தமே 13, 14 மீட்டர்ல நின்னுடும். பூக்காரம்மாவைப் பார்த்துக் கார்க்காரன் பிரேக் அடிச்சான்னு சொன்னேன் இல்லையா? 30ல வந்திருந்தா திட்டிட்டுப் போயிருப்பான். அவங்களும் திருப்பித் திட்டியிருப்பாங்க. நல்லாத் திட்டுவாங்க.

ரோட்டை மாத்தினா சாவு குறையுமா? இதுக்கு ஒரு ஊர்க் கதை சொல்றேன். கொஞ்சம் தூரத்து ஊர்.

நெதர்லாந்துன்னதும் எல்லாரும் சைக்கிள்ல போற ஊர்னுதான் நமக்கு ஞாபகம் வரும். அவங்க பிறவியிலயே அப்படின்னு நினைச்சுக்கறோம். இல்லை. ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் அங்கயும் கார் பெருகிச்சு, தெருவை எல்லாம் அகலப்படுத்தினாங்க. 1971ல மட்டும் சாலை விபத்துல 3,000க்கும் மேல சாவு. அதுல 400க்கும் மேல குழந்தைங்க. அப்போ அந்த நாட்டு ஜனத்தொகை 1.3 கோடிதான். லட்சம் பேருக்கு எவ்வளவுன்னு போட்டுப் பார்த்தேன், ஏறக்குறைய 24 வருது. 2022 தமிழ்நாட்டுக்கும் அதே கணக்கைப் போட்டேன். 23. அதாவது இன்னைக்கு நாம நிக்கிற இடத்துலதான் அவங்க அன்னைக்கு நின்னாங்க!

விக் லாங்கன்ஹோஃப்னு ஒரு பத்திரிகைக்காரர். தன் பொண்ணை ரோட்டுல பறிகொடுத்தவர். 1972ல ஒரு கட்டுரை எழுதினார். தலைப்புக்குத் தமிழ்ல அர்த்தம், "குழந்தைக் கொலையை நிறுத்து". விபத்துன்னு எழுதலை பாருங்க, கொலைன்னு எழுதினார். அந்தத் தலைப்பே ஒரு இயக்கத்தோட பேராச்சு. அப்பா அம்மாக்கள் சேர்ந்தாங்க. சைக்கிள் ஊர்வலம் போனாங்க. அடிக்கடி விபத்து நடக்கிற இடங்கள்ல போய் உட்கார்ந்தாங்க. (நம்ம மறியல்தான்!) ஒரு நாளைக்குத் தெருவை அடைச்சுக் குழந்தைங்களை விளையாட விட்டாங்க. தெரு நடுவுல மேஜையைப் போட்டு விருந்து சாப்பிட்டாங்க. பிரதமர் வீட்டு வாசலுக்கே போய்ப் பாட்டுப் பாடினாங்க.

இதுவரைக்கும் நாமளும் பண்ணுவோம். வித்தியாசம் எங்கன்னா, அவங்க கலைஞ்சு போகலை. ஒரு பழைய கடையை ஆபீஸாக்கி உட்கார்ந்தாங்க. தெருவை எப்படி அமைச்சா வண்டி தானா மெதுவாகும்னு யோசனைகளைத் தயார் பண்ணிக் கொடுத்தாங்க. நேரா இருக்கிற தெருவை வளைக்கறது, மரம் வைக்கறது, நடக்கிறவனும் வண்டியும் ஒரே தளத்துல இருக்கிற மாதிரி பண்றது. அப்படிப்பட்ட குடியிருப்புத் தெருக்களுக்கு 1976ல சட்ட அங்கீகாரமே கிடைச்சது. எல்லாம் இவங்களாலதான்னு சொல்ல மாட்டேன். 1973ல எண்ணெய் நெருக்கடி வந்து, காரே ஓட்டக்கூடாதுன்னு ஞாயிற்றுக்கிழமைகளை அறிவிச்சாங்க, அதுவும் சேர்ந்து உதவிச்சு. ஆனா 2023ல அந்த நாட்டுல சாலை விபத்துல செத்தவங்க 684 பேர். ஜனத்தொகை 1.78 கோடியா ஏறின பிறகு. லட்சத்துக்கு நாலுக்கும் கீழ. அதே ஜனங்கதான். ரோடுதான் வேற.

அது அவங்க ஊரு, நம்ம ஊர்ல நடக்குமான்னா, நம்ம ஆளுங்களையே சொல்றேன். கோயம்புத்தூர்ல எலும்பு முறிவுக்கு ஆபரேஷன் பண்ற டாக்டர் எஸ். ராஜசேகரன். உடைஞ்ச காலை ஒட்ட வைக்கறதோட என் வேலை முடிஞ்சதுன்னு அவர் இருந்திருக்கலாம். 2012ல உச்ச நீதிமன்றத்துல பொதுநல வழக்கு போட்டார். 2014ல சாலைப் பாதுகாப்புக்குன்னு நீதிபதி தலைமையில ஒரு குழுவை நீதிமன்றம் அமைச்சது. 2017 நவம்பர்ல, மாநிலங்களுக்கு வரிசையா உத்தரவுகள். மாவட்டத்துக்கு மாவட்டம் கலெக்டர் தலைமையில சாலைப் பாதுகாப்புக் குழு இருக்கணும்ங்கறது அதுல ஒண்ணு. இந்தக் குழுவை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வரும்.

இன்னொருத்தர் டெல்லியில. பியூஷ் திவாரி. 2007ல அவரோட சித்தப்பா வீட்டுப் பையனோ மாமா வீட்டுப் பையனோ, கஸின்னுதான் படிச்சேன், ரோட்டுல அடிபட்டுக் கிடந்தான். நின்னவங்க பார்த்தாங்க, தொடலை. எங்க ஊர் முப்பது பேர் மாதிரியே. 2008ல அவர் சேவ்லைஃப் ஃபவுண்டேஷன் ஆரம்பிச்சார், வழக்கு போட்டார். 2016ல, அடிபட்டவங்களுக்கு உதவுறவங்களை யாரும் தொந்தரவு பண்ணக்கூடாதுங்கற விதிகளை உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கிச்சு. 2019ல மோட்டார் வாகனச் சட்டத்துலயே 134ஏ பிரிவா அது வந்துடுச்சு. நீங்க ஒருத்தரைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரியில சேர்த்தா, பேர் சொல்லணும்னு கூட கட்டாயம் இல்லை. இது எனக்கு அன்னைக்கு சாயங்காலம் ஆறரை மணிக்குத் தெரிஞ்சிருக்கணும். :-(

திரும்ப எங்க ஊருக்கு வர்றேன். அண்ணி அடிபட்ட பிறகு, ரிட்டயர்டு கணக்கு வாத்தியார் ஒருத்தர், எனக்கும் பாடம் எடுத்தவர், டீக்கடையில வச்சுக் கேட்டார். "ஏம்ப்பா, அந்த இடத்துல ஒரு நாளைக்கு எத்தனை பேர் ரோட்டைக் கடக்கிறாங்கன்னு எவனுக்காவது தெரியுமா?" எவனுக்கும் தெரியலை. "தெரியாமத்தான் மறியல் பண்ணீங்களா?"

மறுநாள் காலையில நோட்டோட உட்கார்ந்துட்டார். கூட நான், ஒரு ஆட்டோக்காரத் தம்பி, பிள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துல விட வர்ற ரெண்டு அக்காங்க. ஏழே முக்காலுக்கு ஆரம்பிச்சு ஒன்பதேகாலுக்குள்ள நோட்டுல மூணு பக்கம் கோடு நிறைஞ்சிடுச்சு. பாதிக்கு மேல யூனிஃபார்ம். ஒரு வாரம் எண்ணினோம். எண்ண எண்ணத்தான் கண்ணு திறந்துச்சு. பஸ் நிக்கிற இடம் பள்ளிக்கூடத்துக்கு நேரா இல்லை, எண்பது அடி தள்ளி இருக்கு. அதனால பிள்ளைங்க குறுக்கால ஓடுது. நின்ன பஸ்ஸுக்கு முன்னாடியே கடக்குது, பின்னாடி வர்ற வண்டிக்குத் தெரியாது. சாயங்காலம் எரியாத விளக்கு சரியா அந்த இடத்துலதான். இதெல்லாம் நாங்க தினமும் பார்த்ததுதான். எழுதினப்போதான் தெரிஞ்சது.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமா, உங்க ஊருக்கும் பயன்படற மாதிரி எழுதறேன்.

1. தகவல் உரிமைச் சட்டத்துல பத்து ரூபாய் கட்டி, அந்த ரோட்டுல மூணு வருஷமா பதிவான விபத்து விவரம் கேட்டோம். தேதி, நேரம், இடம் மட்டும். பேர் வேண்டாம். வந்த பதிலை ஒரு வரைபடத்துல புள்ளி வச்சோம். புள்ளி எல்லாம் ஒரே இடத்துல குவிஞ்சது. வாத்தியார் சொன்னார், "இது கோலம் இல்லைப்பா, சாட்சி."

2. கிராம சபையில தீர்மானம் போட வச்சோம். நாலு பேர் கொடுத்த மனுவும், ஊர் போட்ட தீர்மானமும் ஒண்ணு இல்லை.

3. கலெக்டர் ஆபீஸ்ல திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள்ல மனு. வெறும் கோரிக்கை இல்லை, நோட்டுக் கணக்கும் வரைபடமும் சேர்த்து. மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவுல இதை வைக்கணும்னு கேட்டோம். மேல ஞாபகம் வச்சுக்கச் சொன்னேனே, அதே குழு.

4. "வேகத்தடை போடுங்க"ன்னு கேட்கலை. இது முக்கியம். "இந்த இடத்துல இத்தனை பேர் கடக்கிறாங்க, வண்டி 30க்கு மேல வராத மாதிரி என்ன செய்யலாம், வந்து பாருங்க"ன்னு கேட்டோம். தீர்வு சொல்லறது இன்ஜினியர் வேலை. பிரச்சினையை நிரூபிக்கறது நம்ம வேலை.

5. ரோட்டை விதிப்படி அமைக்காம விட்டு, அதனால சாவு நடந்தா, அமைச்சவங்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரைக்கும் அபராதம்னு 2019 திருத்தத்துல 198ஏன்னு ஒரு பிரிவு இருக்கு. மனுவுல மிரட்டாம, ஓரமா ஒரு வரி குறிப்பிட்டோம். அதுக்கப்புறம் மரியாதை கொஞ்சம் கூடின மாதிரி எனக்குத் தோணிச்சு. பிரமையாவும் இருக்கலாம்.

6. போனோம், போனோம், போய்க்கிட்டே இருந்தோம். முதல் தடவை "பார்க்கலாம்". ரெண்டாவது தடவை "ஃபைல் அங்க இருக்கு". மூணாவது தடவை அங்க போனா "இங்க இல்லையே". வாத்தியார் மட்டும் அசரலை. ஒப்புகைச் சீட்டை எல்லாம் தேதி வாரியா ஒரு கவர்ல போட்டு வச்சார்.

பதினொரு மாசம். பஸ் நிக்கிற இடம் பள்ளிக்கூடத்துக்கு நேரா வந்துச்சு. மீடியன்ல முறையா ஒரு திறப்பு, ரெண்டு பக்கமும் கோடு. அதுக்கு முன்னாடியே கடகடன்னு அதிர்ற வெள்ளைப் பட்டைகள், போர்டு. விளக்கு எரியுது. பழைய மேட்டைக் கொத்தி எடுத்துட்டாங்க. கேட்டதுல பாதிதான் கிடைச்சது. பிள்ளைங்க கடக்கிற நேரத்துக்கு ஒரு போலீஸ்காரர் வேணும்னு கேட்டோம், இன்னும் வரலை. அதுவரைக்கும் அந்த ரெண்டு அக்காங்கதான் காலையில ஆளுக்கொரு சிவப்புத் துணியோட நிக்கிறாங்க. ரெண்டு பேருக்கு அடிபட்டுச்சு, பெரிசா ஒண்ணும் இல்லை. அதுக்கப்புறம் அங்க யாரும் சாகலைன்னு எழுத விரல் வர மாட்டேங்குது, கண்ணு பட்டுடும்.

இதுல வெற்றிக் கதைன்னு பெருசா ஒண்ணும் இல்லை. ஒரு ஊர்ல ஒரு நூறு அடி ரோடு. பூக்காரம்மா திரும்ப வரப் போறதில்லை. அண்ணி மெஷின் மேல இருக்கிற பெட்ஷீட்டும் அப்படியேதான் இருக்கு. அந்த நோட்டை மறியலுக்கு முன்னாடியே எடுத்திருந்தா? இந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்லை. அதனாலதான் உங்ககிட்ட சொல்றேன்.

உங்க தெரு முனையிலயும் ஒரு இடம் இருக்கும். "இங்க என்னைக்காவது ஒரு நாள்..."னு பல்லைக் கடிச்சுக்கிட்டு நீங்க கடக்கிற இடம். இதைப் படிக்கும்போதே அது மனசுல வந்திருக்கும். நாளைக்குக் காலையில ஒரு அரை மணி நேரம் அங்க போய் நில்லுங்க. எத்தனை பேர், எந்தப் பக்கம் இருந்து, ஏன் அந்த இடத்துல கடக்கிறாங்க, எழுதுங்க. எழுதினதை உங்க பக்கத்துலயும் போடுங்க. கவிதை, சினிமா விமர்சனத்துக்கு நடுவுல ஒண்ணு இருந்தா ஒண்ணும் குறைஞ்சு போயிடாது.

டிஸ்கி: நோட்டும் பேனாவும் வாங்க மொத்தச் செலவு முப்பது ரூபாய். வாத்தியார் இன்னும் என்கிட்ட திருப்பிக் கேட்டுக்கிட்டுதான் இருக்கார்.